12 மணி நேர ஷிப்டில் இருப்பவர் 30 நாள் லீவைக் கணக்கிடுவது எப்படி: அமெரிக்க விமானப் படையை வைத்து ஒரு விளக்கம்

அமெரிக்கப் படைகளில் லீவை நாட்காட்டி நாளாகத்தான் எண்ணுவார்கள். மணிக்கணக்கும் இல்லை, ஷிப்ட் கணக்கும் இல்லை. அதே தளத்தில் வேலை பார்க்கும் அரசு சிவிலியன் ஊழியருக்கு, அவர் வேலைக்கு வந்திருக்க வேண்டிய மணிகள் மட்டும் கழியும். சீருடையில் இருப்பவருக்கு லீவு தொடங்கிய நாளிலிருந்து முடிகிற நாள்வரை எல்லாமே கழியும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை, ஷிப்ட் அட்டவணைப்படி எப்படியும் வீட்டில் இருந்திருக்கக்கூடிய ஆஃப் நாள், எதற்கும் விலக்கு இல்லை.

12 மணி நேர ஷிப்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ‘ஒரு ஷிப்ட் 12 மணி நேரம், அதனால் ஒன்றரை நாள் கழிப்பார்கள்’ என்பார் ஒருவர். ‘மாதத்தில் பாதி நாள்தானே வேலை, அந்த நாள் மட்டும்தான் கழியும்’ என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. எட்டு மணி நேரம் மேசையில் உட்காருகிறவருக்கும் 12 மணி நேரம் கேட்டில் நிற்பவருக்கும் வருடத்துக்கு 30 நாள்தான், ஒரு நாள் லீவுக்கு ஒரு நாள்தான் கழியும். ஷிப்ட்காரருக்கு வித்தியாசம் வேறு இடத்தில் வருகிறது: லீவின் முதல் நாளையும் கடைசி நாளையும் அட்டவணையில் எங்கே வைக்கிறார் என்பதில். அந்த இரண்டு முனைகளையும் சரியாக வைத்தால் இரண்டு நாள் லீவில் ஏழு நாள் ஓய்வு கிடைக்கும். தவறாக வைத்தால் அதே ஏழு நாளுக்கு ஏழும் கழியும்.

எவ்வளவு சேருகிறது

பணியில் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டரை நாள். இது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 701ஆம் பிரிவில் இருப்பது. எந்தப் படை, எந்தத் தரம் என்று பார்ப்பதில்லை. மாதத்தின் நடுவில் சேர்ந்தாலோ விலகினாலோ, 1 முதல் 6 நாள் பணிக்கு அரை நாள், 7 முதல் 12க்கு ஒன்று, 13 முதல் 18க்கு ஒன்றரை, 19 முதல் 24க்கு இரண்டு, 25 அல்லது அதற்கு மேல் என்றால் முழு இரண்டரை.

லீவு வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. நிதியாண்டுதான் கணக்கு: அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. செப்டம்பர் 30 நள்ளிரவில் உங்கள் இருப்பு 60 நாளுக்கு மேல் இருந்தால் மேலே உள்ளது போய்விடும். இணையத்தில் இன்னும் சுற்றும் பழைய கட்டுரைகளில் 75 என்று பார்ப்பீர்கள். 2008 அக்டோபர் முதல் 2015 செப்டம்பர் வரை தற்காலிகமாக இருந்த வரம்பு அது, இப்போது செல்லாது. போர்ப்பகுதிப் பணி போன்ற காரணத்தால் லீவு எடுக்கவே முடியாமல் போனவர்களுக்கு மட்டும் சிறப்புச் சேமிப்பு என்று கூடுதலாக 30 நாள், அதாவது மொத்தம் 90 நாள்வரை, வைத்துக்கொள்ள வழி உண்டு. அது தானாக வராது, தளபதி வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். ‘ஷிப்டில் ஆள் பற்றாக்குறை’ என்பது அதற்குக் காரணமாக ஏற்கப்படும் என்று நம்பி ஆகஸ்ட்வரை காத்திருக்காதீர்கள்.

சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டியது

மாதச் சம்பளச் சீட்டான எல்.இ.எஸ்.ஸின் நடுப்பகுதியில் லீவுக்கென்று ஒரு வரிசைக் கட்டங்கள் இருக்கும். ‘பி.எஃப். பால்’ என்பது நிதியாண்டின் தொடக்கத்தில் கையில் இருந்தது (‘பால்’ என்பது ‘பேலன்ஸ்’, அதாவது இருப்பு, என்பதன் சுருக்கம்). ‘எர்ண்ட்’ இந்த ஆண்டில் இதுவரை சேர்ந்தது, ‘யூஸ்டு’ இதுவரை எடுத்தது. ‘சி.ஆர். பால்’ அந்தச் சீட்டு எந்தத் தேதிவரைக்குமோ அந்தத் தேதி இருப்பு. ‘இ.டி.எஸ். பால்’ உங்கள் ஒப்பந்தக் காலம் முடியும்போது மிச்சம் இருக்கப்போவது. கடைசியில் ‘யூஸ்/லூஸ்’: செப்டம்பர் 30க்குள் எடுக்காவிட்டால் இழக்கப்போகும் நாள்கள்.

கடைசிக் கட்டத்தை அப்படியே நம்பாமல் நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மார்ச் மாதச் சீட்டில் இருப்பு 58.5 என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை ஆறு மாதம், ஆறு இரண்டரை 15. மொத்தம் 73.5. அதில் 60ஐக் கழித்தால் 13.5 நாள் ஆபத்தில் இருக்கிறது. லீவு முழு நாளாகத்தான் கழியும், அரை நாள் லீவு என்று ஒன்று கிடையாது. ஆகவே அந்த அரை நாளையும் காப்பாற்ற வேண்டுமானால் 14 நாள் எடுக்க வேண்டும்.

இருப்பு இல்லாவிட்டாலும் முன்கூட்டி லீவு தரப்படலாம். இனி சேரப்போகும் நாளிலிருந்து கடன் வாங்குவது போல. ஒப்பந்தம் முடிவதற்குள் அந்தக் கடன் தீராவிட்டால் அத்தனை நாள் சம்பளம் திரும்பப் பிடிக்கப்படும். ஷிப்ட்காரர்கள் இதில் அடிக்கடி மாட்டுவது, ஆஃப் நாள் கழியாது என்று நினைத்து எட்டு நாள் கடன் என்று போட்ட கணக்கு உண்மையில் 14 நாள் ஆகும்போதுதான்.

பனாமா அட்டவணையில் கணக்கு

பாதுகாப்புப் பிரிவிலும் கட்டுப்பாட்டு மையங்களிலும் பரவலாக இருப்பது பனாமா அட்டவணை: இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஆஃப், மூன்று நாள் வேலை, இரண்டு ஆஃப், இரண்டு வேலை, மூன்று ஆஃப். 14 நாளில் ஏழு ஷிப்ட், 84 மணி நேரம். ஒரு சுற்றைக் காகிதத்தில் எழுதுங்கள், பகல் ஷிப்ட் என்று வைத்துக்கொண்டு:

முதல் வாரம்: திங்கள், செவ்வாய் வேலை, புதன், வியாழன் ஆஃப், வெள்ளி, சனி, ஞாயிறு வேலை.
இரண்டாம் வாரம்: திங்கள், செவ்வாய் ஆஃப், புதன், வியாழன் வேலை, வெள்ளி, சனி, ஞாயிறு ஆஃப்.

இதில் மலிவான லீவு, மூன்று நாள் ஆஃபுக்கு அடுத்து வரும் திங்களும் செவ்வாயும்தான். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் லீவு போட்டால் முன்னால் வெள்ளி, சனி, ஞாயிறு ஆஃப், பின்னால் புதன், வியாழன் ஆஃப். தொடர்ந்து ஏழு நாள் வேலை இல்லை, கழிவது இரண்டு. இரண்டாம் வாரத்தின் புதனும் வியாழனும் அதே கணக்கில் வரும்: முன்னால் இரண்டு ஆஃப், பின்னால் மூன்று. நடுவில் உள்ள வெள்ளி முதல் ஞாயிறுவரை போட்டால் மூன்று கழியும், ஓய்வு அப்போதும் ஏழு நாள்தான். ஆகவே தேர்ந்தெடுக்க இடம் இருந்தால் இரட்டை நாளையே தேர்ந்தெடுங்கள்.

முழுச் சுற்றும் வேண்டுமென்றால் முதல் திங்களிலிருந்து இரண்டாம் வார வியாழன்வரை லீவு. நடுவில் வரும் நான்கு ஆஃப் நாளும் சேர்ந்து 11 கழியும். தப்புகிறது ஏழு ஷிப்ட். திங்கள் முதல் வெள்ளிவரை வேலை பார்க்கிறவர் இரண்டு வாரம் போனால், நடுவிலுள்ள சனி ஞாயிறையும் சேர்த்து 12 கழியும், தப்புவது பத்து வேலை நாள், 80 மணி நேரம். மணியால் பார்த்தால் ஷிப்ட்காரருக்குக் கொஞ்சம் லாபம்தான். அவர் பண்டிகை நாளிலும் ஞாயிறிலும் நிற்பதற்கு அது ஈடாகாது என்பதும் உண்மை.

இங்கே ஒரு யோசனை எல்லாருக்கும் தோன்றும்: 11 நாள் ஏன், திங்கள்-செவ்வாய் ஒரு லீவு, வெள்ளி-ஞாயிறு ஒரு லீவு, புதன்-வியாழன் ஒரு லீவு என்று மூன்று விண்ணப்பமாகப் போட்டால் ஏழுதானே கழியும்? முடியாது. ஆஃப் நாளுக்கு இந்தப் பக்கம் ஒரு லீவும் அந்தப் பக்கம் ஒரு லீவும் வைத்து ஆஃபைக் கழிக்காமல் விடுவதை விமானப் படை விதி தடுக்கிறது. மேசை வேலைக்காரர் திங்கள்-வெள்ளி, மறுபடி திங்கள்-வெள்ளி என்று துண்டாக்குவதும் இதே காரணத்தால் நடக்காது. அவசரம் அல்லது அசாதாரணச் சூழ்நிலை என்றால் மட்டும் விலக்கு. மேற்பார்வையாளர் கவனிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டால்கூட, பிறகு தணிக்கையில் பிடிபட்டு அந்த நாள்களும் கழிக்கப்படலாம். கையெழுத்துப் போட்டவருக்கும் சங்கடம்.

முனைகளை எங்கே வைப்பது

இரண்டு நாளில் ஏழு நாள் ஓய்வு என்ற கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. லீவு உங்கள் பணியிட வட்டாரத்தில் தொடங்கி அங்கேயே முடிய வேண்டும். வட்டாரம் என்றால் தளமும், நீங்கள் தினமும் வேலைக்கு வந்து போகிற வீடு இருக்கும் பகுதியும். ஆஃப் நாளான வெள்ளிக்கிழமையே விமானம் ஏறி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டு ‘என் லீவு திங்கள்தான் தொடங்குகிறது’ என்றால், திங்கள் காலை நீங்கள் வட்டாரத்தில் இல்லை. அப்படியானால் லீவு வெள்ளியே தொடங்கியதாகக் கொள்ள வேண்டும். வியாழன் திரும்பி வந்தால் கழிய வேண்டியது ஏழு.

ஆகவே வீட்டில் இருந்து குழந்தைகளுடன் கழிக்கும் வாரத்துக்கு இரட்டை நாள் கணக்கு அருமையானது. வெளியூர்ப் பயணம் என்றால், கிளம்புகிற நாளே லீவின் முதல் நாள், திரும்பி வந்து சேருகிற நாளே கடைசி நாள் என்று எழுதுங்கள். இரு பக்கத்து ஆஃப் நாளையும் பெட்டி கட்டவும் தூங்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப் நாள்களில் மட்டும் வெளியே போய் அடுத்த ஷிப்டுக்குள் திரும்புவதற்கு லீவு தேவையில்லை. அது பாஸ் என்ற வகையில் வரும். பாஸையும் லீவையும் ஒட்டவைத்து, நடுவில் வட்டாரத்துக்குத் திரும்பாமல் போக அனுமதி இருப்பதாக யாராவது சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம்.

கிளம்பும் நாளில் வேலை பார்த்தால் என்ன? அன்றைய வேலை நேரத்தில் பாதிக்கு மேல் பார்த்திருந்தால் அது வேலை நாள், கழியாது. 12 மணி நேர ஷிப்டுக்குப் பாதி என்றால் ஆறு மணி. காலை 6 மணிக்கு வந்தவர் 11 மணிக்கு விடுவிக்கப்பட்டு விமான நிலையம் போனால் ஐந்து மணிதான், அந்த நாள் லீவில் சேரும். ஒரு மணிக்குக் கிளம்பினால் சேராது. எட்டு மணி நேரக்காரர் நான்கரை மணி நேரத்தில் தாண்டிவிடும் கோட்டை நீங்கள் தாண்ட ஆறு மணிக்கு மேல் நிற்க வேண்டும். மற்றவர் சொல்லும் ‘மதியம் கிளம்பலாம்’ என்ற பேச்சை உங்கள் ஷிப்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரவு ஷிப்ட்

கணக்கு மிகவும் சிக்குவது இங்கேதான். மாலை 7 முதல் காலை 7 வரை ஷிப்ட் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் இரவும் செவ்வாய் இரவும் உங்கள் முறை. செவ்வாய் இரவு ஷிப்ட் முடிவது புதன் காலை. அதன் 12 மணியில் ஐந்து செவ்வாயில் விழுகிறது, ஏழு புதனில் விழுகிறது.

இந்த இரண்டு இரவுக்கும் லீவு கேட்டால் எத்தனை நாள்? ஷிப்டை அது தொடங்கும் தேதியால் எண்ணினால் திங்கள், செவ்வாய், இரண்டு நாள். நாட்காட்டியை மட்டும் பார்த்து, புதன் காலை 7 மணிவரை நீங்கள் வேலைக்கு இல்லை என்று ஒருவர் வாதிட்டால் மூன்று. இன்னொரு சிக்கல்: லீவு புதன் முதல் என்று போட்டால் அது செவ்வாய் நள்ளிரவு தாண்டியதும் தொடங்கிவிடுகிறது, அப்போது நீங்கள் ஷிப்டின் நடுவில் நிற்கிறீர்கள். நள்ளிரவில் மாற்று ஆள் வந்து விடுவிக்கப்போவதில்லை.

இதைத் தீர்க்க ஒரே வழி, விண்ணப்பத்துக்கு முன்பே பேசிவிடுவது. உங்கள் பிரிவு ஷிப்டைத் தொடங்கும் தேதியால் எண்ணுகிறதா என்று ஷிப்ட் பொறுப்பாளரிடம் கேளுங்கள். விண்ணப்பத்தின் குறிப்புப் பகுதியில் ‘கடைசி ஷிப்ட் திங்கள் மாலை 7 முதல் செவ்வாய் காலை 7 வரை, அடுத்த ஷிப்ட் வெள்ளி மாலை 7’ என்பதுபோலத் தேதியும் மணியும் சேர்த்து எழுதுங்கள். கையெழுத்திடுபவர் பகல் நேர அலுவலக மனிதராக இருக்கலாம், இரவுக்காரரின் ‘செவ்வாய்’ எது என்று அவருக்குத் தானாகத் தெரியாது. இந்த ஒரு வரி பின்னால் வரும் தகராறில் பாதியைத் தடுக்கும்.

காலை 7 மணிக்கு ஷிப்ட் முடித்து அன்று மதியமே ஊருக்குக் கிளம்புகிறவர்கள், வட்டாரத்தை விட்டுப் போகும் அந்த நாளை லீவின் முதல் நாளாக எழுதுவதே பாதுகாப்பானது. இரவு முழுக்க விழித்துவிட்டு உடனே நெடுந்தூரம் கார் ஓட்டாதீர்கள். அந்த ஒரு நாளை ஆஃபாகத் தூங்கிக் கழித்து, மறுநாள் லீவைத் தொடங்கினால் ஒரு நாள் மிச்சம், உயிருக்கும் நல்லது.

விண்ணப்பம், மாற்றம், முடிப்பு

லீவு விண்ணப்பிக்கும் கணினி முறையின் பெயர் விமானப் படையில் லீவ்வெப், தரைப்படையில் ஐ.பி.பி.எஸ்-ஏ, கடற்படையில் என்.எஸ்.ஐ.பி.எஸ். எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு தேதி குறிப்பது, மேற்பார்வையாளர் ஒப்புதல், பிரிவு அனுமதி, அனுமதி எண் கிடைத்த பிறகு கிளம்புவது, திரும்பியதும் உண்மையான தேதிகளை உறுதிசெய்து முடிப்பது. கடைசிப் படியைத்தான் பலர் மறக்கிறார்கள். இரண்டு நாள் முன்னதாகவே திரும்பி வேலைக்கு வந்திருந்தாலும், முடிப்பில் தேதியைத் திருத்தாவிட்டால் முதலில் கேட்ட நாள் முழுவதும் கழியும்.

ஷிப்ட்காரருக்கு இன்னொரு இடர், ஒப்புதலுக்குப் பிறகு அட்டவணை மாறுவது. பயிற்சி ஒத்திகை வரும், குழு மாறும், பகல் இரவாகும். உங்கள் வேலை நாளாக இருந்தது ஆஃபாக மாறியிருந்தால் லீவுத் தேதி தானாக நகராது. லீவு தொடங்குவதற்கு முன் புதிய அட்டவணையை எடுத்துப் பார்த்து, முனை தேவையில்லாமல் ஆஃப் நாளில் விழுந்திருந்தால் திருத்தம் கேளுங்கள்.

லீவில் இருக்கும்போது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் அந்த நாள்கள் லீவில் கழியக்கூடாது. உடனே பிரிவுக்குத் தகவல் சொல்லி, சேர்ந்த தேதியும் வெளிவந்த தேதியும் உள்ள காகிதத்தை வாங்கி வையுங்கள். மருத்துவர் பரிந்துரையில் தரும் ஓய்வு விடுப்பும், குழந்தை பிறப்புக்கான 12 வாரமும் தனி வகை, 30 நாளைத் தொடாது. குடும்பத்தில் சாவோ கடும் நோயோ என்றால் தரும் அவசர லீவு அப்படியல்ல. அனுமதி வேகமாகக் கிடைக்கும், ஆனால் அதுவும் உங்கள் இருப்பிலிருந்துதான் கழியும்.

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ போகிறவர்களுக்கு

நாள் எண்ணுவது பணியிடத்தின் தேதிப்படி. அமெரிக்காவிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர விமான மாற்றத்தோடு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், அந்த நேரமும் லீவுதான். 11 நாள் லீவில் ஊரில் கிடைப்பது எட்டு ஒன்பது நாள். திரும்பும் விமானத்தை லீவின் கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்னதாக வந்து சேரும்படி எடுங்கள். மூன்று நாள் ஆஃபுக்கு முந்திய வேலை நாளில் லீவு முடியும்படி வைத்தால், அடுத்து வரும் மூன்று ஆஃப் நாளில் தூக்கம் நேராகும். பத்தரை மணி நேர வித்தியாசத்தைச் சுமந்துகொண்டு மறுநாளே ஆயுதம் ஏந்தி 12 மணி நேரம் நிற்பது யாருக்கும் நல்லதில்லை.

விமானம் ரத்தானால், லீவு முடிவதற்கு முன்பே அழைத்து நீட்டிப்புக் கேட்க வேண்டும். முடிந்த பிறகு சொன்னால் அது அனுமதியில்லாத வராமை, படைச் சட்டத்தின் 86ஆம் பிரிவுக்குள் போகும். பொறுப்பாளரின் எண்ணைத் தாளில் எழுதி வைத்திருங்கள். வெளிநாட்டு லீவு என்பதால் அந்த நாட்டுக்கான வெளிநாட்டு அனுமதி வழிகாட்டி சொல்வதையும் பார்க்க வேண்டும், ரகசியத் தகவலைக் கையாளும் பாதுகாப்பு அனுமதி உள்ளவர் பயணத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இதற்கே வாரங்கள் ஆகலாம் என்பதால் பொங்கலுக்குப் போக நினைப்பவர் புரட்டாசியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

விற்பதா, எடுப்பதா

விலகும்போதோ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதோ மிச்ச லீவை விற்கலாம், வாழ்நாள் வரம்பு 60 நாள். ஒரு நாளுக்குக் கிடைப்பது அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு. மாதம் 3,600 டாலர் அடிப்படை என்றால் நாளுக்கு 120 டாலர், அதிலும் வரி பிடிப்பார்கள். வீட்டுப்படியும் உணவுப்படியும் இதில் சேராது. ஆனால் லீவை எடுத்தால் அந்த நாளுக்கு இவையும் வந்துகொண்டே இருக்கும். ஷிப்ட்காரருக்கு விற்பது இன்னும் நஷ்டம், ஏனென்றால் சரியான இடத்தில் வைத்த ஒரு நாள் லீவு அவருக்கு 12 மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. கடைசி வருடத்தில் மொத்தமாக விற்கலாம் என்று சேர்ப்பதைவிட, மாதம் ஒரு இரட்டை நாள் என்று எடுத்துவந்தால் வருடத்துக்கு 24 நாள் போகும், ஆறு நாள் சேரும், ‘யூஸ்/லூஸ்’ கட்டம் பத்து வருடமானாலும் பூஜ்யத்திலேயே இருக்கும்.

லீவு முடித்து வந்த பின் வரும் சம்பளச் சீட்டை எடுத்து ‘யூஸ்டு’ கட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எண்ணியதைவிட ஒரு நாள் கூடினாலும், அந்த மாத ஷிப்ட் அட்டவணையின் நகலும் அனுமதித் தாளும் கையில் இருக்க, அதே வாரம் பிரிவு நிர்வாக அலுவலகத்துக்குப் போய்த் திருத்தம் கேளுங்கள். அட்டவணைகளைப் பல பிரிவுகள் நீண்ட நாள் வைத்திருப்பதில்லை.